எட்டு இஞ்ச் என்னுடையது

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் ஒலிப்பதிவாளர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் மூத்த கலைஞர்களே, நம்மை விட்டுப் போன அக்காவின் கணவரும் தையல் கடைக்காரருமான, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், நான் மச்சான் என்று கூப்பிடும் அருமை நண்பரே, தாயின் தொழிலையே எடுத்துக்கொண்ட மகளே, கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தொழில் தோழர்களே, ஸ்பீக்கர் கடைக்காரரே, தச்சு வேலை செய்யும் தம்பியே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். அக்காவின் உழைப்பைச் சொன்னார்கள், நேர்மையைச் சொன்னார்கள், தயங்காமல் உள்ளதைச் சொல்லும் குணத்தைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே தவறைச் சொன்னார்கள். "ஐந்து இஞ்ச் ஸ்பீக்கரைத் தவிர வேறு எதையும் நம்பாதவர்" என்றார் ஒருவர். "சின்ன ஸ்பீக்கரை வைத்துக்கொண்டே பெரிய பெயர் எடுத்தவர்" என்றார் இன்னொருவர். அவர்கள் மேல் குற்றமில்லை. பதினான்கு வருடமாக இந்தத் தொழிலில் அப்படித்தான் பேச்சு. அவருக்கு "அஞ்சு இஞ்ச் அக்கா" என்று பெயரே வைத்துவிட்டோம். வெளியே மாட்டியிருக்கும் பதாகையிலும் அதுதான் இருக்கிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று முழுதாகத் தெரிந்தவன் தொழிலில் நான் ஒருவன்தான். அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

தொழில் தெரியாத உறவினர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு நிமிடம். குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பதிவு செய்த பிறகு, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று பார்த்துச் சேர்க்கிற வேலைக்கு மிக்ஸிங் என்று பெயர். அதைச் செய்பவர் மேசைக்கு முன் உட்கார்ந்து இரண்டு ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்கிறார். அந்த ஸ்பீக்கரை மானிட்டர் என்போம். அதற்கு இனிமையாகக் கேட்க வேண்டிய கடமை இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டிய கடமை உண்டு. அதன் வட்டக் கூம்பின் அகலத்தைத்தான் ஐந்து இஞ்ச், ஆறரை இஞ்ச், எட்டு இஞ்ச் என்று சொல்கிறோம். கூம்பு பெரிதானால் அடித்தொனி, நாங்கள் பேஸ் என்று சொல்வது, அதிகம் வரும். அப்படியானால் பெரியதையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அக்கா என்ன செய்வார்? ஒரு அறைக்குக் கூப்பிட்டால் முதலில் இரும்பு டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் அளப்பார். பிறகு, "நீங்க எங்க உக்காருவீங்க? உக்காந்து காட்டுங்க" என்பார். நாற்காலியில் ஆள் உட்கார்ந்ததும் மச்சானின் தையல் டேப்பை எடுத்து, மூக்கு நுனியிலிருந்து இரண்டு ஸ்பீக்கர் வைக்கப்போகும் இடம் வரை அளப்பார். பின்சுவர் எவ்வளவு தூரம், மூலை எவ்வளவு தூரம், கதவு எந்தப் பக்கம் என்று எழுதிக்கொள்வார். எல்லாம் முடிந்த பிறகுதான் இஞ்ச் பேச்சு. பெரிய இடத்து முதலாளி ஒருவர் தொலைபேசியிலேயே, "எத்தனை இஞ்ச் வாங்கணும், அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாராம். "உங்க சட்டை அளவை என் வீட்டுக்காரர் போன்ல சொல்லிடுவாரா?" என்று அக்கா திருப்பிக் கேட்டிருக்கிறார். அவர் மறுநாள் கார் அனுப்பினார்.

ஸ்பீக்கர் கடைக்காரர் அங்கே சிரிக்கிறார். அவருக்கு ஒன்று நினைவு வந்திருக்கும். ஒரு வாடிக்கையாளர் எட்டு இஞ்ச் ஜோடியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா வயர் வாங்க உள்ளே போயிருக்கிறார். எந்த அறைக்கு என்று சும்மா கேட்டிருக்கிறார். ஒன்பதடிக்குப் பத்தடியில் ஒரு படுக்கையறை. இருபது நிமிடத்தில் எட்டு இஞ்ச் வண்டியிலிருந்து இறங்கி, ஐந்து இஞ்ச் ஏறியது. "நீங்க வயர் வாங்க வந்தீங்களா, என் வியாபாரத்தைக் கெடுக்க வந்தீங்களா?" என்று இவர் கத்தினாராம். ஆனால் பெரியதை வாங்கிப் போனவர்கள் மாதத்துக்கு ஒருவராவது சரியாக இல்லை என்று திருப்பிக்கொண்டு வருவார்கள். அந்தப் படுக்கையறைக்காரர் வரவே இல்லை. இன்று அந்தக் கடை மேசையில் "ரூம் அளவைச் சொல்லவும்" என்று கடைக்காரரே எழுதி ஒட்டியிருக்கிறார்.

அப்படியானால் அவர் ஐந்து இஞ்ச் கட்சிதானே என்கிறீர்களா? இல்லை. நாடகக் குழு ஒன்று குரல் சேர்க்கும் கூடம் கட்டியது. இருபத்து நான்கு அடி நீளம், பதினெட்டு அடி அகலம், பதின்மூன்று அடி உயரம். அவர்கள் அக்காவைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து, "உங்களுக்குப் புடிச்ச அஞ்சு இஞ்சே வாங்கிட்டோம்" என்றார்கள். அக்கா அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எனக்குப் புடிச்சா என்ன, புடிக்கலன்னா என்ன? நீங்க எட்டடி தள்ளி உக்காருறீங்க. இதுக கத்திக் கத்தியே களைச்சுப் போயிடும். எட்டு இஞ்ச் வாங்குங்க" என்றார். அந்த எட்டு இஞ்ச் இன்னும் அங்கே பாடிக்கொண்டிருக்கிறது.

இவரையா நாம் அஞ்சு இஞ்ச் அக்கா என்றோம்?

இனி என் கதைக்கு வருகிறேன்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் நானும் அவரும் சேர்ந்து ஒரு ஸ்டுடியோ தொடங்கினோம். துணிக்கிடங்கு ஒன்றின் மாடியில் ஒரு அறை. என்னைவிட அவர் ஏழு வயது இளையவர். ஊரே அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணே என்றார். அக்காவுக்கு அண்ணன், அண்ணனுக்கு அக்கா, இது எந்த ஊர் உறவு என்று கேலி செய்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

முதல் நான்கு வருடம் சாதாரண ஸ்பீக்கரில் ஓட்டினோம். பிறகு நான் அவரைக் கேட்காமல் எட்டு இஞ்ச் ஜோடி ஒன்று வாங்கி வந்தேன். அந்த அறை பத்தடிக்குப் பதினோரு அடி. உயரம் எட்டரை அடி. மேசை மூலையோடு ஒட்டிக் கிடந்தது. ஸ்பீக்கரின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையாது. பெட்டியைப் பிரித்தபோது எனக்கு இருந்த பெருமை, என் கல்யாணத்தன்று கூட இருந்ததில்லை.

அக்கா வந்தார். பார்த்தார். ஒரு அடித்தொனியை ஓடவிட்டு, அதைப் படிப்படியாக மேலே ஏற்றினார். ஒரு இடத்தில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த சுரத்தில் ஒலியே காணாமல் போனது. என்னை எழுந்து நடக்கச் சொன்னார். பின்சுவர் ஓரத்தில் பேஸ் காதை அடைத்தது. நடு அறையில் ஒன்றுமே இல்லை. ஸ்பீக்கர் ஒரே அளவில்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆட்டம் காட்டியது அறை.

"இந்த ரூம் இவ்ளோ பேஸைத் தாங்காதுண்ணே. மூலைக்கு மூலை தேங்கி நிக்குது. ரூமைச் சரி பண்ணி, மேசையை நகர்த்துனா ஆறரை வரைக்கும் போகலாம். இப்போதைக்கு அஞ்சு போதும்" என்றார்.

பழகிவிட்டால் சரியாகிவிடும், என் காதுக்கு இருபது வருட அனுபவம் என்றேன்.

"உங்க காது பழகிடும். கேக்குறவங்க காது பழகாதுல்ல?" என்றார்.

நான் ஸ்பீக்கரை மாற்றவில்லை. அவர் தன் வேலைகளைத் தலையில் மாட்டும் ஹெட்ஃபோனிலும், மச்சானின் தையல் கடையில் இருந்த பழைய பாட்டுப் பெட்டியிலும் கேட்டுச் சரிபார்த்துச் சமாளித்தார். நான் எட்டு இஞ்சில் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே அறையில் இரண்டு தொழில் செய்தோம்.

அந்தச் சமயத்தில்தான் மேடைப் பாடகர் ஐயா ஒருவர் வந்தார். கனத்த குரல். எங்களில் பலர் அவர் பாடிக் கேட்டிருக்கிறோம். தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் நாள் குறித்துவிட்டார்கள். அதற்குள் பன்னிரண்டு பாட்டுப் பாடிவைத்துவிட வேண்டும் என்று வந்தார். ஆறு நாள் பாடினார். பதிவை அக்கா செய்தார். ஏழாம் நாள் அவர் மருத்துவமனைக்குப் போனார்.

மிக்ஸிங் தொடங்கும் நேரத்தில் அக்காவின் மாமியார் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அக்காவால் மூன்று வாரம் வர முடியவில்லை. "நான் வந்து பண்றேண்ணே, அவசரப்படாதீங்க" என்று சொல்லியனுப்பினார். நான் காத்திருக்கவில்லை. ஐயா வீடு திரும்பும்போது கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் கெடுதல் இல்லை. ஆனால் மேசையில் இருந்தது எட்டு இஞ்ச். அந்த மூலையில் ஐயாவின் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் உருண்டது. கனம் அதிகம் என்று குறைத்தேன். இன்னும் உருண்டது. இன்னும் குறைத்தேன். பன்னிரண்டு பாட்டிலும் குறைத்தேன். அதிகமாக இருந்தது அறையில் தேங்கிய ஒலி. நான் வெட்டி எடுத்தது அவருடைய குரல்.

இசைத்தட்டு வெளியே போனது. இரண்டு வாரம் கழித்து, எங்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு அவருடைய துணைவியார் வந்தார். நாற்பது பேர் இருந்தோம். அந்த அம்மா கையில் தட்டு. கோபமாகப் பேசவில்லை. "இது அவர் குரல் இல்லீங்க. போன்ல யாரோ பேசுற மாதிரி இருக்கு. இனிமே அவர் பாடவும் முடியாது, பேசவும் முடியாது. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். இதை யார் பண்ணினது?" என்று கேட்டார்.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அக்கா எனக்குப் பக்கத்தில். அடுத்த வாரம் சங்கச் செயலாளர் தேர்தல். நான் போட்டியிட்டேன். எழுந்து நிற்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி. அந்த ஒரு நொடி என்னிடம் இல்லை.

அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் எழுந்தார். "எங்க ரூம்ல பண்ணினதும்மா. மூலப் பதிவு பத்திரமா இருக்கு. திருப்பிப் பண்ணித் தர்றேன்" என்றார். பொய் சொல்லவில்லை. நான் செய்தேன் என்றும் சொல்லவில்லை, அண்ணன் செய்தார் என்றும் சொல்லவில்லை. எங்க ரூம் என்றார்.

மறுநாள் காலை என் எட்டு இஞ்ச் ஜோடி போர்வையில் சுற்றப்பட்டு மாடிப்படியில் இருந்தது. கடைக்காரரிடம் ஐந்து இஞ்ச் ஜோடி இரவல் வாங்கியிருந்தார். மேசையை மூலையிலிருந்து இழுத்து, இரண்டு பக்கச் சுவருக்கும் சம தூரத்தில், அறையின் நீளவாக்கைப் பார்த்துப் போட்டார். தச்சுத் தம்பி நான்கு சட்டம் அடித்துக் கொடுத்தார். அதில் கெட்டியான பஞ்சைத் திணித்து, துணி போர்த்தி, நான்கு மூலையிலும் நிறுத்தினார். துணி தைத்தவர் மச்சான். பிறகு அந்தத் தொனியை மறுபடி ஓடவிட்டார். சன்னல் சும்மா இருந்தது. நான் வெட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். நான்கு நாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் இரண்டு பேரும் ஐயா வீட்டுக்குப் போனோம். அவர் கழுத்தில் கட்டு. மடியில் ஒரு சிலேட்டு. அவர்கள் வீட்டுப் பாட்டுப் பெட்டியிலேயே போடச் சொன்னார் அக்கா. முதல் பாட்டின் முதல் வரியில் ஐயா உள்ளங்கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. முடிந்ததும் சிலேட்டில் ஒரே சொல் எழுதி எங்களிடம் காட்டினார். "நான்தான்" என்று எழுதியிருந்தது. அந்த அம்மா சமையலறைக்குள் போய்விட்டு வெகுநேரம் கழித்து இரண்டு டம்ளர் தண்ணீரோடு வந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை.

ஆனால் அந்த மாதக் கூட்டத்தில் இருந்த நாற்பது பேரும் பாதிக் கதையைத்தான் பார்த்தார்கள். எழுந்து நின்றது அக்கா. அவர் எப்போதும் சின்ன அறைக்குச் சின்ன ஸ்பீக்கர் என்று சொல்பவர். இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். "அஞ்சு இஞ்ச்ல கேட்டா பேஸ் எங்க தெரியும்? அதான் அந்த ஐயா குரல் அப்படி ஆச்சு" என்று தேநீர்க் கடையில் என் காதுபடவே பேசினார்கள். நான் தேநீரைக் குடித்து முடித்தேன். குரலைக் கெடுத்தது எட்டு இஞ்ச். மீட்டது ஐந்து இஞ்ச். பழி விழுந்தது மீட்டதன் மேல்! பெயரும் அப்போதுதான் விழுந்தது. அஞ்சு இஞ்ச் அக்கா. முதலில் கிண்டலாகச் சொன்னார்கள். பிறகு பழகிப்போய்ப் பாசமாகச் சொன்னார்கள். பாசமாகச் சொன்னதால் அது உண்மையாகிவிடுமா?

அந்தப் பேச்சுக்கு விலையும் இருந்தது. ஒலிபரப்பு நிலையம் ஒன்று தன் ஆறு மிக்ஸிங் அறைகளை அமைக்கும் வேலையை அவருக்குத் தருவதாக வாயால் சொல்லியிருந்தது. அந்த மாதமே வேறு ஆளுக்குக் கொடுத்தது. இரண்டு வருடம் கழித்து, ஆறு அறையும் குமுறுகிறது என்று அவரையே தேடி வந்தார்கள். போனார். ஏன் போனீர்கள் என்று கேட்டேன். "ரூம் என்னண்ணே பண்ணும்? அதுவா என்னைப் பத்திப் பேசிச்சு?" என்றார்.

தேர்தலில் நான் வென்றேன். அன்றிலிருந்து இன்றுவரை நான்தான் செயலாளர்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், வேனில் இரண்டு பேரும் ஒரு அறையை அளந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தப் பாடகர் ஐயா காலமான வாரம் அது. "அக்கா, அந்த ஐயா விஷயம்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையிலிருந்த குறிப்பேட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். காத்திருந்தார். "நல்லாப் பாடுவார்ல?" என்று முடித்தேன். "ஆமாண்ணே" என்றார். குறிப்பேட்டைத் திறந்துகொண்டார்.

போன மாதம் காய்ச்சல் என்று படுத்தவர் பதினோராம் நாள் போய்விட்டார். ஐம்பத்து நான்கு வயது. அடுத்த வாரம் மச்சானைப் பார்க்கப் போனேன். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தைக்கவில்லை. என்னை உட்காரச் சொன்னார். அவர் சொன்னதை அவர் அனுமதியோடு சொல்கிறேன்.

"உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சொல்லியிருந்தா மச்சான். இப்ப அவளே இல்ல. வேன்ல ஒரு நாள் நீங்க ஏதோ சொல்ல ஆரம்பிச்சீங்களாமே. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, 'அண்ணன் இன்னைக்குச் சொல்லிடுவார்னு நெனச்சேன்'னு சொன்னா. அவ்வளவுதான். அப்புறம் அதைப் பத்தி அவ பேசவே இல்ல."

எனக்கு அறுபத்தொரு வயது. அந்தத் தையல் கடையில் நான் அழுததை மச்சான் யாரிடமும் சொல்லமாட்டார். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆகவே, பெரியோர்களே, தோழர்களே, இந்த ஒலிபெருக்கியின் முன்னால், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறேன். அந்தப் பன்னிரண்டு பாட்டையும் கெடுத்தவன் நான். அந்த எட்டு இஞ்ச் என்னுடையது. அந்தக் காது என்னுடையது. அக்கா அந்த மிக்ஸிங்கைத் தொடவே இல்லை. அவர் தொட்டது, சரிசெய்தபோது மட்டும்தான்.

பாடகரின் துணைவியார் ஐந்தாவது வரிசையில் இருக்கிறார். அம்மா, அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொல்கிறேன். பதினான்கு வருடம் தாமதம். மன்னிக்கும்படி கேட்கிறேன். மன்னிக்காவிட்டாலும் நியாயம்தான். மகளே, உன்னையும் சிலர் "அஞ்சு இஞ்ச் பொண்ணு" என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். அந்தப் பெயருக்குக் காரணமான தவறில் உன் அம்மாவின் பங்கு எதுவும் இல்லை. இனி யாராவது அப்படிக் கூப்பிட்டால் என் பெயரைச் சொல், நான் வந்து விளக்கம் தருகிறேன்.

செயலாளர் பொறுப்பிலிருந்து விலகும் கடிதத்தைக் காலையிலேயே தலைவரிடம் கொடுத்துவிட்டேன். கூட்டம் முடிந்த பிறகு பேசலாம் என்று அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தலைவரே, அதில் பேச ஒன்றுமில்லை. சங்கம் நினைவு மலர் போடும்போது நான் இங்கே சொன்னதை ஒரு வரி விடாமல் அச்சிட வேண்டும். அது ஒன்றுதான் என் வேண்டுகோள்.

அக்காவின் மேசையில், ஒப்புக்கொண்டு இன்னும் போகாத நான்கு அறைகளின் விலாசம் இருந்தது. நான்கு பேரிடமும் பேசிவிட்டேன். மகளும் நானும் போகிறோம். அளப்பது நான், முடிவு சொல்வது அவர். அப்படித்தான் ஒப்பந்தம். அவர் வயதில் எனக்குத் தெரிந்ததைவிட இப்போது அவருக்கு அதிகம் தெரியும், அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. முதல் அறை காது கேளாதோர் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு இளம் தம்பதியின் வீட்டு மாடியில் இருக்கிறது. இருவரும் பாட்டுக் கட்டுகிறார்கள். பெரிய ஸ்பீக்கருக்கு ஆசைப்பட்டு நிற்கிறார்களாம். நாளை காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறோம். அறையில் இருக்கும் கட்டிலை எடுக்க வேண்டுமா என்று கேட்டார்கள். எதையும் எடுக்க வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும், நாங்கள் வந்து பார்க்கிறோம் என்று மகள் பதில் சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு என் அஞ்சலி. உங்கள் எல்லோருக்கும் நன்றி.